பீரோவில் கிடக்கும் சிடிகள்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் அவற்றை வாங்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அதனால் சித்திரை, வைகாசியிலேயே டிசைன் வேலை சூடு பிடித்துவிடும். 2000களின் தொடக்கத்தில் விருதுநகரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருந்த எனக்கு அந்த மாதங்கள்தான் அறுவடைக் காலம். முருகன், பிள்ளையார், கைக்குழந்தை, அருவி என்று ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, நிறம் திருத்தி, அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்புவதுதான் பெரும்பாடு. 15 அங்குலத்துக்கு 20 அங்குலம் உள்ள ஒரு படத்தை 300 டிபிஐயில் நான்கு வண்ணத்தில் வைத்தால் 100 எம்பியைத் தாண்டிவிடும். ஃபிளாப்பி கொள்வது 1.44 எம்பி. தொலைபேசி லைனில் மாட்டிய மோடத்தின் உச்ச வேகம் 56 கிலோபிட். ஒரு சிடி அளவான 700 எம்பியை அதில் ஏற்றினால், லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகாவிட்டாலும், ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பிறகும் வேலை முடியாது. சிடியில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், அச்சகத்துக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த வேகமான நெட்வொர்க் அந்த பஸ்தான்.

லினக்ஸ் இயங்குதளமும் இந்த வட்டாரத்துக்கு சிடியில்தான் வந்தது. 1990களிலேயே 'பிசி குவெஸ்ட்' இதழ் லினக்ஸ் சிடியை இலவச இணைப்பாகக் கொடுத்தது. 2003-இல் 'லினக்ஸ் ஃபார் யூ' தொடங்கியது. அதைத் தேடி மதுரைக்குப் போய் வாங்கி வருவோம். பிறகு உபுண்டு வந்தது. இணையத்தில் முகவரியைப் பதிந்தால் போதும், அதை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் தபால் செலவும் வாங்காமல் சிடியை வீட்டுக்கே அனுப்பும். 2011 வரை அந்தத் திட்டம் நடந்தது. கந்தக பூமியில் ஒரு தெருவுக்கு, கேட்ட மாத்திரத்தில், ஒரு முழு இயங்குதளம் காசில்லாமல் உறையில் வந்து சேர்ந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த ஒரு சிடி வந்தால் போதும். பாலிடெக்னிக் பையன்கள், டியூஷன் வாத்தியார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எழுதிக் கொடுப்பேன். அப்படிப் பிரதி எடுப்பதற்கு அதில் முழு அனுமதி இருந்தது. ஊரில் புழங்கிய மற்ற மென்பொருள் சிடிகளுக்கு அந்த மரியாதை கிடையாது.

டிசைனை விண்டோஸில்தான் செய்தேன். பேஜ்மேக்கரும் கோரல் டிராவும் அங்கேதான் ஓடின, தமிழ் எழுத்துருக்களும் அங்கேதான் இருந்தன. ஆனால் சிடி எழுதும் வேலையை லினக்ஸ் கணினிக்கு மாற்றிவிட்டேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு சிடியிலும் ஏதோ ஒரு வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே போட்ட நொடியில் அது தானே ஓடத் தொடங்கும். லினக்ஸில் அந்த வைரஸ் வெறும் ஒரு கோப்பாகச் சும்மா கிடக்கும். அச்சகத்துக்குச் சுத்தமான சிடி போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் லினக்ஸில் சிடி எழுதுவது ஒரு படிப்பு. லினக்ஸ் கெர்னல் 2.4 ஓடிய நாட்கள் அவை. எழுதும் மென்பொருளான சிடிரெக்கார்டுக்கு ஸ்கஸி கருவிகளோடு மட்டும்தான் பேசத் தெரியும். கணினிக்குள் இருக்கும் சிடி ரைட்டரோ ஐடிஇ வகை. அதனால் கணினி கிளம்பும்போதே 'இந்த ஐடிஇ டிரைவை ஸ்கஸி போலக் காட்டு' என்று ஒரு வரியை பூட் லோடரில் எழுதி வைக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் டிரைவ் கண்ணில் படாது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்த பிறகுதான் அந்தச் சுற்றுவழி தேவையில்லாமல் போனது.

யுஎஸ்பியில் மாட்டும் எக்ஸ்டர்னல் ரைட்டரில் மட்டும் இந்தத் தொல்லை ஆரம்பம் முதலே இல்லை. யுஎஸ்பி வழியே வரும் டிரைவ் எதுவானாலும் லினக்ஸ் அதை ஸ்கஸி கருவியாகவே பார்த்தது. கடையில் எல்லோரும் 'வெளியே மாட்டுறது வேண்டாம், அதுக்கு டிரைவர் சிடி தேடணும்' என்று பயந்தபோது, லினக்ஸில் அதுதான் எல்லாவற்றையும்விட எளிதாக இருந்தது. மாட்டினால் வந்துவிடும். நான் எக்ஸ்டர்னல் ரைட்டர் வாங்கியதற்கு அதுவே முதல் காரணம். கடை, வீடு, சிவகாசியில் நண்பரின் டிசைன் சென்டர் என்று ஒரே ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அடுத்த காரணம்.

வேகம்தான் கிடையாது. யுஎஸ்பி 1.1-இல் 4எக்ஸ் வேகத்துக்கு மேல் நம்பி எழுத முடியாது. ஒரு சிடிக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் கணினியில் வேறு எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தரவு வருவது ஒரு கணம் தடைப்பட்டாலும் சிடி வீண். இப்படி நிற்பதைத் தாங்கும் பர்ன் புரூஃப் என்ற உத்தியை 2000-இல் சான்யோ கொண்டுவந்தது. அது உள்ள டிரைவ்கள் எங்கள் பக்கம் வந்து சேரும் வரை, பக்கத்து வீட்டில் கிரைண்டர் போட்டாலே பதறுவோம். பிறகு கே3பி என்ற எழுதும் மென்பொருள் வந்தது. கட்டளை வரி தெரியாத பையனும் கோப்பை இழுத்துப் போட்டு, பட்டனை அழுத்தி, எழுதி முடித்ததைச் சரிபார்த்தும் கொள்ளலாம். எழுதிய பிறகு சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது கே3பிதான். அன்று அப்படிச் சரிபார்த்த சிடிகளில் பெரும்பாலானவை இன்றும் திறக்கின்றன.

இங்கே சிடிரெக்கார்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை எழுதியவர் ஜெர்மனியின் யோர்க் ஷில்லிங். உரிம விஷயத்தில் அவருக்கும் டெபியன் லினக்ஸ் குழுவுக்கும் கடும் தகராறு. 2006-இல் டெபியன் அதைப் பிரித்தெடுத்து வோடிம் என்ற பெயரில் தனியே நடத்தியது. ஷில்லிங் கடைசி வரை தன் நிரலைத் தானே பராமரித்து வந்தார். 2021-இல் மறைந்தார். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கணக்கில், சிவகாசியின் ஆயிரமாயிரம் லேபிள்களும் காலண்டர்களும் ஏறிய சிடிகளில் ஒரு பங்கு, இங்கே யாரும் பேர் அறியாத அந்த மனிதரின் உழைப்பால் எழுதப்பட்டது. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்போது வெற்று சிடி என்றால் பெரும்பாலும் மோசர் பேர். நொய்டாவில் செய்தார்கள். உலகிலேயே பெரிய சிடி உற்பத்தியாளர்களில் ஒன்று அது. தமிழ்ப் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கு விற்று, திருட்டு சிடிக்காரர்களையே மிரள வைத்தார்கள். 2008-இல் வந்த சசியின் 'பூ' படத் தயாரிப்பிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. நம் மாவட்டத்து ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதைதான் அந்தப் படம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாரியின் கதை. எங்கள் பெண்களின் வாழ்க்கையைச் சொன்ன படத்துக்கு, எங்கள் மேஜையில் கிடந்த சிடியைச் செய்த கம்பெனியே பணம் போட்டது. பத்தே ஆண்டுகளில், 2018-இல், மோசர் பேரைக் கலைத்துவிடத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அதற்குள் சிடியின் காலமும் போயிருந்தது. 2005-இல் பிராட்பேண்ட் வந்தது, அடுத்துப் பென்டிரைவ் மலிந்தது. அச்சகங்களில் ஃபிலிம் போய் சிடிபி வந்தது. பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பினால் நேரே பிளேட் ஆகிவிடும். 2012-இன் மின்வெட்டும் தன் பங்குக்குச் செய்தது. ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத மாவட்டத்தில், நடுவில் கரண்ட் போனால் வீணாகும் சிடியை யார் நம்புவார்கள்? பர்ன் புரூஃப் தரவுத் தடையைத் தாங்கும், மின்தடையைத் தாங்காது. மடிக்கணினிகளில் டிரைவ் வைப்பதையே நிறுத்தினார்கள். ஊரில் இருந்த சிடிகள் எல்லாம் கவரோடு, பவுச்சோடு, ஸ்பிண்டிலோடு இரும்பு பீரோவுக்குள் போயின.

இங்கேதான் எனக்குக் கவலை. இந்த வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்ததற்குக் காரணம் மழையில்லாத வறண்ட வெயில். மருந்தும் குச்சியும் காய அந்த வெயில் வேண்டும். அதே வெயில்தான் சிடிக்கு எமன். கடையில் எழுதிய சிடியில் இருப்பது கரிமச் சாயம். லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெப்பமும் வெளிச்சமும் அந்தச் சாயத்தைத் தின்றுகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குக் கீழே இரும்பு பீரோ எப்படிக் கொதிக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். உண்மையில் சிடியில் பலவீனமானது மேல்பக்கம். பிரதிபலிக்கும் மெல்லிய உலோகப் பூச்சு அங்கே மேல் வார்னிஷுக்குக் கீழேயே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஸ்டிக்கர் ஒட்டியதும் அதைத்தான் பாழாக்கின. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தேவலை.

அந்த சிடிகள் போனால் திரும்பக் கிடைக்காதவை அவற்றில் இருக்கின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. அதன் பிறகு நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முத்திரையும் கியூஆர் கோடும் லேபிளில் ஏறின. ஆலைகள் தங்கள் லேபிள்களை மாற்றி வரைந்தன. தீர்ப்பின் சரி தப்பு வேறு விவாதம். நான் சொல்ல வருவது லேபிளைப் பற்றி. சரவெடியின் பழைய ராப்பர் இனி எந்த மெஷினிலும் ஏறப்போவதில்லை. காலண்டர் ஓவியத்தின் கதையும் அதுதான். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் போட்ட தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பூஜையறைகளில் ஏறின. அவற்றைப் பின்னாளில் டிசைன் சென்டர்களில் ஸ்கேன் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். மூல அச்சைச் சில இடங்களில் கரையான் அரித்தது, சில இடங்களில் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொண்டு போனார். மிஞ்சியது அந்த ஸ்கேன். அது கிடப்பது சிடியில்.

சில வருடங்களுக்கு முன் சிவகாசியிலிருந்து ஓர் அச்சக அண்ணாச்சி ஒரு பட்டாசுப் பெட்டி நிறைய சிடிகளோடு வந்தார். பேரன் வாங்கிய புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. கடையில் கேட்டால் 'இதெல்லாம் யாரு இப்ப பாக்கா' என்கிறார்களாம்.

"தம்பி, எங்க அப்பா காலத்து லேபிள் பூரா இதுலதான் ஏத்தி வச்சேன். இது போச்சுன்னா கேட்க நாதியில்ல."

"இருக்கட்டும் அண்ணாச்சி. பாத்திருவோம். இன்னொரு செட் எழுதினீங்களா?"

"வீட்டுல ஒண்ணு, ஆபீசுல ஒண்ணு. நீதான அப்படிச் சொல்லிக் கொடுத்த."

அந்த இரண்டாவது செட்தான் காப்பாற்றியது. பழைய எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டரை லினக்ஸ் கணினியில் மாட்டினேன். வாங்கிய நாளில் எப்படி வந்ததோ அப்படியே அன்றும் வந்தது. எந்த டிரைவரையும் தேடவில்லை, எதையும் புதிதாக வாங்கவில்லை. பயன்படுத்திய மென்பொருள் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. அது முதலில் படிக்க முடிந்ததை எல்லாம் விரைவாக எடுத்துக்கொள்ளும். படிக்க முடியாத இடங்களை ஒரு வரைபடமாகக் குறித்துவைத்து, பிறகு பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போகும். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை வேறு கம்பெனி டிரைவ் படித்துவிடுவது உண்டு. ரைட்டரை மாற்றி மாட்டினாலும் அதே வரைபடத்தை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே மாதிரி எழுதிய இரண்டு சிடிகள் இருந்தால், ஒன்றில் அழிந்த பகுதியை மற்றதிலிருந்து நிரப்பலாம். ஆபீஸ் சிடியில் போனது வீட்டு சிடியில் இருந்தது, வீட்டு சிடியில் போனது ஆபீஸ் சிடியில் இருந்தது. இரண்டையும் சேர்த்தபோது பல சிடிகள் முழுமையாக வந்தன.

சில சிடிகளில் நாலைந்து லேபிள்தான் தெரிந்தது. அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. அவை பல செஷனில் எழுதியவை. இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம் என்று ஒரே சிடியில் சேர்த்துக்கொண்டே போவார்கள். முந்தைய செஷனை இணைக்காமல் எழுதியிருந்தால் கணினி கடைசி செஷனை மட்டும் காட்டும். முன்னால் எழுதியது அழியவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். லினக்ஸில் எந்த செஷன் வேண்டும் என்று எண்ணைச் சொல்லித் திறக்கலாம். முதல் செஷனைத் திறந்ததும் குருவி வெடி, லட்சுமி வெடி, சங்குசக்கரம் என்று வரிசையாக வந்து நின்றன.

கோப்பு கிடைத்தால் போதுமா, திறக்க வேண்டுமே. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இன்றைய கணினிகளில் அதை ஓட்டுவது கஷ்டம். லிப்ரேஆபீஸ் 2012 முதல் கோரல் டிராவையும், 2015 முதல் பேஜ்மேக்கரையும் திறக்கிறது. யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை புரியாத குறிகளாகவே வருகின்றன. பழைய எழுத்துருவையும் சிடியில் சேர்த்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை எல்லாம் கர்வ் (கோட்டு வடிவம்) ஆக்கிவிடும் வழக்கம் டிடிபிக்காரர்களிடம் இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து மாறிவிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. அந்த முன்ஜாக்கிரதையால் லேபிள்கள் எழுத்து பிசகாமல் இன்றும் திறக்கின்றன. எல்லாம் மீண்டது என்று சொல்ல முடியாது. பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்த சிடிகளில் எந்த மென்பொருளும் எதையும் எடுக்க முடியாது.

அண்ணாச்சியின் வேலை முடிந்தபின் வேறு வகை சிடிகளும் வர ஆரம்பித்தன. கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ. இந்த வட்டாரத்தில் அவற்றின் அருமை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பெயர் பட்டியல் நீளம். இறந்தவர்களில் பலருடைய நடமாடும் உருவமும் குரலும் ஏதோ ஒரு உறவுக்காரக் கல்யாண டிவிடியின் பந்தி வரிசையில்தான் இருக்கும். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது, வீட்டில் பலருக்கு அப்போது கேமரா செல்போனும் கிடையாது. ஒரு தாய் கொண்டுவந்த டிவிடியில் மகன் இலை போட்டுத் தண்ணீர் வைக்கும் சில நொடிகள் கிடைத்தன. அந்த டிவிடியிலிருந்து அவர் கேட்டதும் அந்தச் சில நொடிகளைத்தான்.

இந்த வேலையைச் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். எக்ஸ்டர்னல் ரைட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர். டிவிடி சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். அதற்காகத்தான் பழைய ரைட்டர்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் கொடுத்தார்கள், இரண்டையும் மாட்டுங்கள். கணினியின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் மாட்டுங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் வேண்டாம். கெர்னல் பதிவுகளில் யுஎஸ்பி ரீசெட் என்று திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் குறை சிடியில் இல்லை, கேபிளில்தான். பழைய சிடியை முழு வேகத்தில் ஓட விடாதீர்கள், வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். முதலில் முழு சிடியையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள், பிறகு அதிலிருந்து கோப்புகளைப் பிரித்தெடுங்கள். உயிரை விடப்போகும் சிடியை அடிக்கடி சுற்ற வைப்பது தப்பு.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 2011 முதல் நம் பிள்ளைகள் கைக்கு லட்சக்கணக்கில் கணினிகள் வந்தன. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரணில் கிடக்கும் அந்தப் பழைய கணினி இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அதோடு ஓர் எக்ஸ்டர்னல் ரைட்டர் வேண்டும், அவ்வளவுதான். ரைட்டர் இன்னும் கிடைக்கிறது, எவ்வளவு நாள் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. எழுதும் புளூரே தட்டுகள் செய்வதையே 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது.

அச்சகம், டிசைன் சென்டர், ஸ்டூடியோ வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த ஆடிக்குள் பீரோவைத் திறந்து சிடிகளை வெளியே எடுங்கள். படித்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை ஆபீசிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். லேபிள்களையும் காலண்டர்களையும் உங்களோடு வைத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், துண்டறிக்கையையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்து வைத்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அச்சக அதிபர் சங்கங்கள் நினைத்தால் ஒரு அறையில் இரண்டு பழைய கணினியையும் நாலு ரைட்டரையும் வைத்து ஊர் முழுவதற்கும் இதைச் செய்து முடிக்கலாம். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் என் கடைக்கு வாருங்கள். சிடியை மட்டும் வெயில் படாமல் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.